பழைய வீட்டுக்கு ஏற்ற கைகள்

ஈப்போவின் பழைய நகரில் உள்ள ஐந்தடி நடைபாதைகளில் நடந்து சென்றால், ஒரே வரிசையில் இருவகைச் சுவர்களைக் காணலாம். ஒரு கடைவீட்டின் சுவர் பளபளப்பான புதுச் சாயம் பூசப்பட்டிருக்கும். ஆனால், தரையிலிருந்து இடுப்புயரம் வரை அந்தச் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருக்கும். பக்கத்துக் கடைவீட்டின் சுவரோ மங்கலாக, அங்கங்கே கறையுடன், பல ஆண்டுகளாக யாரும் கைவைக்காததுபோல் நிற்கும். தொட்டுப் பார்த்தால் அது காய்ந்திருக்கும். பணம் செலவழித்த சுவர் நோயுற்றும், செலவழிக்காத சுவர் நலமாகவும் இருப்பது ஏன்? பழைய வீட்டைப் புதுப்பிக்க விரும்பும் ஒவ்வொரு குடும்பமும் குத்தகையாளரைத் தேடுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

ஈப்போ ஈயத்தால் வளர்ந்த நகரம். 1892ஆம் ஆண்டில் ஏற்பட்ட பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி எரிந்து போனது. அதன் பிறகு செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்டப்பட்ட கடைவீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றின் கிழக்குக் கரையில் புதிய நகரும் உருவானது. பின்னர் 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. இளைஞர்கள் பலர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் சென்றனர். இதற்கிடையில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றும் நடைமுறையில் இருந்தது. 1948 ஜனவரி 31க்கு முன்னர் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர்த்த அச்சட்டம் இடம் தரவில்லை. வாடகை குறைவாக இருந்ததால் உரிமையாளர்கள் பழுதுபார்க்கவில்லை; அதே காரணத்தால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவும் இல்லை. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆக, ஈப்போவின் பழைய வீடுகள் பிழைத்ததற்குப் பாதுகாப்பு உணர்வைவிடப் புறக்கணிப்பே பெரிய காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்நகருக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் பல, பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், இரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோதும், நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும் அவர்கள் லயத்து வீடுகளை விட்டு வெளியேறினர். புந்தோங் போன்ற பகுதிகளில் பழைய பலகை வீட்டையோ மலிவு விலைத் தொடர் வீட்டையோ வாங்கிக் குடியேறினர். லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்ல வேண்டும்; தோட்டத்துத் தச்சர் என்றாவது ஒருநாள் வந்து பார்ப்பார். எந்த ஆளை அழைப்பது, என்ன விலை பேசுவது, எவ்வளவு முன்பணம் கொடுப்பது ஆகியவற்றை அந்தக் குடும்பங்கள் முடிவு செய்ய வேண்டிய தேவையே எழவில்லை. நகரில் சொந்த வீடு வாங்கிய பிறகுதான் இம்முடிவுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் தலைமேல் விழுந்தன. 55 வயதில் கைக்கு வந்த சேமநிதிப் பணம் ஒரே ஒரு தவறான சீரமைப்பில் கரைந்துபோவது நம் சமூகத்தில் அரிதான செய்தியன்று.

இனி அந்தச் சுவருக்கு வருவோம். ஏறத்தாழ 1930களுக்கு முன் கட்டப்பட்ட கடைவீடுகளில் செங்கற்களை இணைத்ததும் மேலே பூசப்பட்டதும் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரைதான். செங்கல்லும் சுண்ணாம்பும் நுண்துளைகள் உள்ளவை. மண்ணிலிருந்து நீர் அத்துளைகள் வழியே சுவரில் மேலேறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போன்றது இது. இன்றைய வீடுகளில் அடித்தளத்துக்கு மேலே நீர் ஏறாதபடி ஒரு தடுப்பு விரிப்பு வைக்கிறார்கள். பழைய வீடுகள் பலவற்றில் அத்தகைய தடுப்பு இல்லை. ஆயினும், ஏறிய நீர் சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் ஆவியாகிவிடும். நீர் வருகிறது, போகிறது; சுவருக்குத் தீங்கில்லை. கட்டடக்கலைஞர்கள் இதனைச் 'சுவர் மூச்சுவிடுகிறது' என்று கூறுவார்கள்.

அத்தகைய சுவரின் பழைய பூச்சைச் செதுக்கி எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசினால் என்ன நடக்கும்? சிமெண்டு அடர்த்தியானது. அதன்மேல் நெகிழித் தன்மையுள்ள சாயத்தையும் பூசிவிட்டால் சுவரின் மூக்கையும் வாயையும் பொத்தியதற்குச் சமம். வெளியேற வழியில்லாத நீர் இன்னும் உயரமாக ஏறும். நீரில் கரைந்திருந்த உப்பு, பூச்சின் அடியில் படிகங்களாக உறைந்து விரியும். அந்த விரிவே சாயத்தைக் கொப்புளமாக எழுப்புகிறது. நாளடைவில் சிமெண்டுப் பூச்சையும், சில வேளைகளில் செங்கல்லின் மேற்பரப்பையும் உடைத்துத் தள்ளுகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்யும் ஈப்போவில் இதற்கு நீண்ட காலம் தேவைப்படாது. உதிர்ந்த இடத்தில் மறுபடியும் சிமெண்டு பூசுவார்கள், மறுபடியும் உதிரும்.

இதில் ஒரு விந்தை உண்டு. ஈப்போவைச் சுற்றி நிற்பவை சுண்ணாம்புக்கல் மலைகள். ஆனாலும், அந்நகரிலேயே சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிட்டது. தமிழ்நாட்டில் செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசிப் பளிங்குபோல் மெருகேற்றினார்கள். அச்சுவர்கள் இன்றும் புகழ்பெற்றவை. ஈப்போவின் லகாட் சாலையில் வட்டிக்கடை நடத்திய செட்டியார்களின் ஊர் அதுதான். அறிவு கடல் கடந்து வந்தது. பயன்பாடு நின்றதால் கைப்பழக்கம் மறைந்தது. பினாங்கில் நிலைமை சற்று மேல். 2008இல் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் உலகப் பாரம்பரியத் தளங்களாக அறிவிக்கப்பட்ட பிறகு, பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் வேலை அங்குப் பெருகியது. வேலை இருந்ததால் சுண்ணாம்பு, மரம், ஓடு ஆகியவற்றில் பயிற்சியுள்ள கைவினைஞர்களும் நிலைத்தனர். பேராக்கில் உள்ளவர்கள் அங்கிருந்து ஆள்களை வரவழைப்பதும் உண்டு.

சுவரில் காணப்படும் விரிசல் வேறொரு கதை. மயிரிழை போன்ற விரிசல் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் சாய்வாக ஏறும் விரிசலும், 5 மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்த விரிசலும் அப்படிப்பட்டவையல்ல. அடியில் நிலம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல் பாறை. நீர் அதனைக் கரைத்துக் குழிகளை உண்டாக்கும். மேலும், பல இடங்கள் முன்பு ஈயச் சுரங்கங்களாக இருந்து பின்னர் நிரப்பப்பட்டவை. விரிசலின் இரு பக்கத்திலும் பென்சிலால் கோடு போட்டு, அருகில் தேதியை எழுதி, சில மாதங்களுக்கு இடைவெளியை அளந்து வரலாம். இடைவெளி மாறாவிட்டால் அது பழைய காயம். விரிந்துகொண்டே போனால் பொறியாளரை அழைத்தே ஆக வேண்டும். அதுவரை அந்த விரிசலை அடைத்துச் சாயம் பூசச் சொல்லும் குத்தகையாளரின் பேச்சைக் கேட்கக் கூடாது. அடைத்த விரிசல் எதையும் சொல்லாது.

மரத்தில் கறையானும் கூரையில் நகர்ந்த ஓடும் எல்லாரும் அறிந்தவை. பலரும் அறியாதது ஒன்று: முன்னாளில் போடப்பட்ட கூரைத் தகடுகளிலும் உட்கூரைப் பலகைகளிலும் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதனை உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பறக்கும். மூச்சு வழியே சென்றால் பல ஆண்டுகள் கழித்துக்கூட நுரையீரல் நோயைத் தரும். சுத்தியலால் தட்டிக் கீழே தள்ளும் வேலைக்காரர்களிடம் இந்த வேலையை ஒப்படைக்கக் கூடாது. பழைய மின்கம்பிகளும் அப்படித்தான். அவற்றின் மேலுறை காய்ந்து வெடித்திருக்கும். மின்வேலையை எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்றவர் மட்டுமே செய்யலாம். முடித்ததும் அவர் நிறைவுச் சான்றும் சோதனைச் சான்றும் தர வேண்டும்.

இவ்வளவையும் ஒரு குடும்பம் தானே கண்டறிய முடியுமா? முடியாது. அதனால்தான் குத்தகையாளருக்கு முன்னால் ஆலோசகர் வருகிறார். பதிவு பெற்ற கட்டடக்கலைஞரையோ பொறியாளரையோ கட்டணம் கொடுத்து அழைத்து, வீட்டை ஒருமுறை முழுமையாகப் பார்க்கச் சொல்லலாம். கட்டடக்கலைஞர்களுக்கும் பொறியாளர்களுக்கும் தனித்தனி வாரியங்கள் உள்ளன; பெயர் பதிவாகியுள்ளதா என்று அவற்றில் சரிபார்க்கலாம். "பார்ப்பதற்கே பணமா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுப்பது வழக்கம். இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். குத்தகையாளரின் வருமானம் எவ்வளவு வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆலோசகரோ பார்த்துச் சொல்வதற்காகவே கட்டணம் பெறுகிறார். "இதைத் தொடவே வேண்டாம்" என்று சொல்வதால் அவருக்கு இழப்பில்லை.

தொடாமல் விடுவதும் ஒரு வேலைதான். பழைய நகரில் உள்ள கோங் ஹெங் கட்டடம் இதற்கு நல்ல சான்று. நிலவடிவமைப்பாளர் இங் செக் சான் அதனைத் தங்கும் விடுதியாக மாற்றியபோது, உதிர்ந்த பூச்சையும் மங்கிய சாயத்தையும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார். தேவைப்பட்ட இடங்களில் மட்டும் இரும்பும் கம்பி வலையும் கண்ணாடியும் சேர்த்தார். எது பழையது, எது புதியது என்று பார்த்தவுடனே தெரியும். அதற்குச் சற்றுத் தொலைவில் ஹான் சின் பெட் சூ என்ற மூன்று மாடிக் கட்டடம் உள்ளது. 1893இல் லியோங் ஃபீ என்ற ஈயச் சுரங்க முதலாளி நிறுவிய ஹாக்கா சுரங்க உரிமையாளர் மன்றம் அது. கட்டடம் 1929இல் திரும்பக் கட்டப்பட்டது. அது சீரமைக்கப்பட்டு 2015ஆம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. குடியிருக்கும் வீட்டை அருங்காட்சியகம்போல் வைத்திருக்க முடியாதுதான். குளியலறை வேண்டும், காற்றோட்டம் வேண்டும், பாட்டி வழுக்கி விழாத தரை வேண்டும். ஆனால், வீட்டின் நடுவே உள்ள திறந்த முற்றத்தை மூடி இன்னோர் அறை கட்டிவிட்டு, பிறகு வெப்பம் தாங்காமல் குளிர்சாதனம் வாங்குவது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் செலவு.

அடுத்து, அனுமதி. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி கட்டடத்தில் மாற்றம் செய்வதற்கு ஊராட்சித் துறையின் ஒப்புதல் தேவை. ஈப்போவில் மாநகர் மன்றத்தின் கட்டடப் பிரிவை அணுக வேண்டும். "அதெல்லாம் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு குத்தகையாளர் கூறினால், அபராதக் கடிதம் அவர் பெயருக்கு வராது, வீட்டு உரிமையாளர் பெயருக்கே வரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தொடர் வீடாக இருந்தால் அண்டை வீட்டாரிடமும் முன்கூட்டியே பேச வேண்டும். இரு வீடுகளுக்கும் பொதுவான சுவரை, அவர்கள் பக்கத்திலும் வேலை தொடங்குமுன் படம் எடுத்து வைப்பது நல்லது.

இப்போது குத்தகையாளரைத் தேடலாம். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட மலேசியக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் குத்தகையாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஜி1 முதல் ஜி7 வரை தரநிலைகள் உண்டு. ஜி1 மிகச் சிறிய வேலைகளுக்கு உரியது, ஜி7க்கு மதிப்பு வரம்பில்லை. நிறுவனத்தின் பெயரை வாரியத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். வணிகப் பதிவு மட்டும் வைத்திருப்பது கட்டடம் கட்டத் தகுதி பெற்றதாகாது. அதே வேளையில், வாரியத்தில் பதிவு பெற்ற எல்லாருக்கும் சுண்ணாம்புச் சுவர் தெரியும் என்பதும் இல்லை. பதிவு, ஆள் சட்டப்படி இருக்கிறார் என்பதைக் காட்டும். கைத்திறனை அவர் முடித்த வேலைதான் காட்டும். ஆகவே, அவர் சென்ற மாதம் முடித்த வீட்டைப் பார்ப்பதைவிட, மூன்று மழைக்காலங்களுக்கு முன் முடித்த வீட்டைப் பார்ப்பதே மேல். புதுச் சாயம் எல்லாச் சுவரையும் அழகாகவே காட்டும்.

விசாரிக்க வேண்டிய இடம் இன்னொன்றும் உள்ளது: கட்டுமானப் பொருள் விற்கும் கடை. எந்தக் குத்தகையாளர் பொருளுக்கு ஒழுங்காகப் பணம் கட்டுகிறார், யார் கடன் சொல்லிக் காணாமல் போகிறார் என்பது கடைக்காரருக்குத் தெரியும். கடையில் கடன் வைத்திருப்பவர், உங்கள் முன்பணத்தைக் கொண்டு முந்தைய வீட்டின் கடனை அடைக்க வாய்ப்புண்டு. பாதியில் நின்றுபோகும் சீரமைப்பு வேலைகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வீட்டைப் பார்க்க வரும்போதே ஆளை ஓரளவு எடை போடலாம். ஒருவர் வந்து, வாசலில் நின்று, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, "நாற்பதாயிரம் ஆகும்" என்கிறார். இன்னொருவர் சுவரைத் தட்டிப் பார்க்கிறார், கூரைக்கு ஏணி கேட்கிறார், மழை நாளில் எங்கே ஒழுகும் என்று வினவுகிறார், அளவெடுக்கிறார், மூன்று நாள் கழித்து விலை சொல்வதாகக் கூறிச் செல்கிறார். இரண்டாமவரின் விலை கூடுதலாக இருந்தாலும் முதலாமவரின் விலையோடு அதனை ஒப்பிட முடியாது. முதலாமவர் வீட்டையே பார்க்கவில்லை.

விலைப்பட்டியலை மலாயில் 'செபூட் ஹார்கா' என்பார்கள். பல வீடுகளில் அந்தத் தாளை வாசித்துப் பொருள் சொல்லும் பொறுப்பு இடைநிலைப்பள்ளியில் பயிலும் பிள்ளைக்கே வந்து சேர்கிறது. அப்படி உங்கள் கைக்கு வந்தால், மொத்தத் தொகையைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் வேலைகள் தனித்தனியாக எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். 'சமையலறைச் சீரமைப்பு' என்ற ஒரே வரியும் அதனருகில் ஒரு தொகையும் மட்டும் இருந்தால் அது விலைப்பட்டியல் அன்று. எத்தனை சதுர மீட்டர் பூச்சு, சிமெண்டா சுண்ணாம்பா, எந்த வகை ஓடு, எத்தனை மின்முனைகள், இடிபாடுகளை அகற்றும் செலவு யாருடையது, வேலை எந்த நாளில் முடியும் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். குறைந்தது மூவரிடம் விலை கேட்க வேண்டும். மூவருக்கும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் மாங்காய்க்கும் மற்றவர் தேங்காய்க்கும் விலை சொல்வார்கள்.

பணம் கொடுக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வேலையின் மதிப்பு 40,000 ரிங்கிட் என வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு, அதாவது 4,000 ரிங்கிட், முன்பணம். கூரை முடிந்ததும் ஒரு பகுதி, மின்கம்பியும் குழாயும் முடிந்ததும் ஒரு பகுதி, பூச்சு முடிந்ததும் ஒரு பகுதி எனப் பிரித்துக் கொடுக்கலாம். முடிந்த வேலைக்கே பணம். கடைசி 5 விழுக்காட்டை, அதாவது 2,000 ரிங்கிட்டை, ஆறு மாதமோ ஓராண்டோ நிறுத்தி வைப்பதாக முன்பே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு மழைக்காலமாவது வந்து போக வேண்டும். கூரை ஒழுகாது என்ற வாக்குறுதியை மழையைத் தவிர வேறு யாரால் சோதிக்க முடியும்? முன்பணமாகப் பாதித் தொகையைக் கேட்பவரிடம் காரணம் கேட்கலாம். தனிப்பட்ட வங்கிக் கணக்கில் செலுத்தச் சொல்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

நியாயமாகச் சொன்னால், தவறு எப்போதும் குத்தகையாளர் பக்கம் மட்டும் இருப்பதில்லை. பழைய சுவரைத் திறந்த பிறகே தெரியவரும் கோளாறுகள் உண்டு. உத்திரத்தின் முனை சுவருக்குள் உளுத்துப்போயிருக்கும். வெளியிலிருந்து அதனை யாராலும் காண முடியாது. அதற்காக மொத்தச் செலவில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். கூடுதல் வேலை எதுவானாலும் விலையை எழுதிக் கையொப்பமிட்ட பிறகே தொடங்க வேண்டும். வேலை நடக்கும்போது, "அண்ணே, இந்தக் கதவையும் கொஞ்சம் மாற்றிவிடுங்களேன்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, பிறகு கட்டணத்தைப் பார்த்துச் சினம் கொள்வதில் பொருளில்லை.

எல்லாம் செய்தும் சிக்கல் வந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த இம்மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். 2019 வரை இவ்வரம்பு 25,000 ரிங்கிட்டாக இருந்தது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை, கோருபவரே சென்று தம் நிலையைக் கூறலாம். கோரிக்கைக்குரிய காரணம் எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மன்றம் தரும் தீர்ப்பு நீதிமன்ற ஆணைக்கு ஒப்பானது. 14 நாள்களுக்குள் அதற்குக் கீழ்ப்படியாவிட்டால் அது குற்றமாகும். விசாரணை நாளன்று கோருபவர் கையில் இருக்க வேண்டியவை ஒப்பந்தம், விலைப்பட்டியல், பணம் செலுத்திய பற்றுச்சீட்டுகள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள். அந்தப் படங்களைக் கைப்பேசியில் தேதிவாரியாக அடுக்கி வைக்கும் வேலையை வீட்டில் யாரிடம் கொடுப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.